ஒரே வாத்தியார், நாலு பாணி

திருவையாற்றுக்காரங்களுக்கு இதைப் புதுசா சொல்லித் தர வேண்டியதில்லை. ஒரே தியாகராஜர் கீர்த்தனை, தில்லைஸ்தானம் வழியில் வந்தவர் பாடினால் ஒரு மாதிரி இருக்கும், உமையாள்புரம் வழியில் வேறு மாதிரி, வாலாஜாபேட்டை வழியில் இன்னொரு மாதிரி. மூன்றுமே அவருடைய நேர் சீடர்கள் வழியாக வந்தவைதான். எது அசல் என்று கேட்டுப் பாருங்க, மூன்று பாட்டுக்காரர்கள் மூன்று பதில் சொல்வார்கள். தை மாசம் ஆராதனைப் பந்தலில் போய் உட்கார்ந்தால், ஒரு சங்கதிக்காக சண்டை போட்டுக்கொள்ளும் மாமாக்கள் இரண்டு பேராவது பக்கத்தில் இருப்பார்கள்.

இதே சண்டை இப்போ நம்ம ஹாஸ்டலுக்கும் வந்தாச்சு, ஆனா பாட்டுக்காக இல்ல, முதுகுவலிக்காக. லேப்டாப்பில் குனிந்து குனிந்து யாருக்காவது முதுகு பிடித்துக்கொண்டால் போதும், நாலு பேர் நாலு வீடியோ அனுப்புவாங்க. ஒருத்தன் பிலாட்டீஸ் பண்ணச் சொல்வான். தேடிப் பார்த்தால் அதிலேயே கிளாசிக்கல், கன்டெம்பரரி, மேட், ரிஃபார்மர் என்று வரிசையாக வரும். சரி, யோகாவே பண்ணுவோம் என்று இந்தப் பக்கம் வந்தால் அஷ்டாங்க, வின்யாசா, ஐயங்கார், விநியோகா. ஒன்றில் குதிக்கச் சொல்கிறார்கள். இன்னொன்றில் பெல்ட் கட்டி, கட்டையை வைத்து, பத்து நிமிஷம் அசையாமல் நிற்கச் சொல்கிறார்கள். மூன்றாவதில் நாற்காலியில் உட்கார்ந்து கையைத் தூக்கி இறக்கினாலே போதும் என்கிறார்கள். எதை நம்புவது?

பிலாட்டீஸ் என்பது முதலில் ஒரு ஆளின் பெயர். ஜோசப் பிலாட்டீஸ், 1883ல் ஜெர்மனியில் பிறந்தவர், சின்ன வயதில் ஆஸ்துமாக்காரர். முதல் உலகப் போரின்போது இங்கிலாந்தில் இருந்ததால், எதிரி நாட்டுக்காரர் என்று முகாமில் அடைத்துவைத்தார்கள். 1926ல் நியூயார்க் போய், மனைவி கிளாராவோடு ஒரு பயிற்சிக்கூடம் நடத்தினார். நடனக்காரர்கள் அடிபட்டால் அவரிடம்தான் ஓடுவார்கள். ஸ்பிரிங் இழுவையில் முன்னும் பின்னும் ஓடும் ஒரு படுக்கையைச் செய்து அதற்கு ரிஃபார்மர் என்று பெயர் வைத்தார். (ஹூக் விதியை இதைவிட உருப்படியாகப் பயன்படுத்திய இடம் எனக்குத் தெரியாது.) 1967ல் அவர் இறந்த பிறகு, சீடர்கள் ஒவ்வொருவரும் தாங்கள் கற்றதைத் தங்கள் வழியில் சொல்லித் தந்தார்கள். வரிசையை மாற்றாமல் வைத்துக்கொண்டது கிளாசிக்கல் ஆனது. பிசியோதெரபி அறிவைக் கலந்துகொண்டது கன்டெம்பரரி ஆனது.

யோகா பக்கத்திலும் அச்சு அசல் இதே கதைதான். அஷ்டாங்க, அதிலிருந்து கிளைத்த வின்யாசா, ஐயங்கார், விநியோகா எல்லாமே ஒரே வாத்தியாரிடம் போய் முடிகின்றன. அவர் கடல் கடந்து போனதே இல்லை. கடைசி 35 வருஷத்துக்கு மேல் சென்னையில்தான் இருந்தார். திருமலை கிருஷ்ணமாச்சார்யா என்று பெயர். பிலாட்டீஸைவிட 5 வயது இளையவர்.

1888 நவம்பர் 18ல், அன்றைய மைசூர் சமஸ்தானத்தின் சித்ரதுர்கா பக்கம் முச்சுகுந்தபுரம் என்ற கிராமத்தில் பிறந்தார். தெலுங்கு பேசும் வைணவக் குடும்பம். முதல் குரு அப்பாதான். அவர் சீக்கிரமே போய்விட, பையன் மைசூருக்கு வந்து பரகால மடத்தில் படித்தான். 16 வயதில் நம்ம தென்தமிழ்நாட்டுக்கு, ஆழ்வார்திருநகரிக்கு ஒரு பயணம். அங்கே தாமிரபரணிக் கரையில் மயக்கம் போன்ற ஒரு நிலையில், ஆயிரம் வருஷத்துக்கு முந்தைய நாதமுனிகளே தோன்றித் தனக்கு யோக ரகசியம் என்ற நூலைச் சொன்னதாகப் பிற்காலத்தில் சொல்லியிருக்கிறார். நாதமுனிகள் நம்ம பக்கத்து ஆள், காட்டுமன்னார்கோயில்காரர். இந்தக் கதையை நம்புவதும் நம்பாததும் உங்க இஷ்டம். எனக்கு இதில் வேறொன்று முக்கியமாகப் படுகிறது. தன் சொந்தக் கண்டுபிடிப்பைக்கூட முன்னோர் பெயரில் வைப்பது அந்தத் தலைமுறையின் வழக்கம். இதை மனதில் வைத்துக்கொண்டால் பின்னால் வரும் சில சர்ச்சைகள் லேசாகப் புரியும்.

பிறகு காசியில் சமஸ்கிருதம், தர்க்கம், தரிசனங்கள் எல்லாம் படித்துப் பட்டங்கள் வாங்கினார். அதன்பின் இமயத்துக்கு அப்பால் ராமமோகன பிரம்மச்சாரி என்ற யோகியிடம் ஏழு வருஷத்துக்கு மேல் இருந்தார் என்பது அவரே சொன்ன கணக்கு. குருதட்சிணையாக அந்த யோகி கேட்டது காசில்லை. ஊருக்குப் போ, கல்யாணம் பண்ணிக்கொள், குடும்பஸ்தனாக இருந்து யோகத்தைச் சொல்லிக் கொடு என்று கேட்டாராம்.

இது சின்ன தட்சிணை இல்லைங்க. அவ்வளவு படிப்புக்கு மடத்திலோ கல்லூரியிலோ மரியாதையான நாற்காலி காத்திருந்தது. யோகாவுக்கு 1920களில் மார்க்கெட்டே கிடையாது. சாமியார்கள் செய்வது, இல்லையென்றால் சந்தையில் வித்தை காட்டுபவர்கள் செய்வது என்றுதான் படித்தவர்கள் நினைத்தார்கள். 1925ல் நாமகிரியம்மாவைக் கல்யாணம் செய்துகொண்டவர், குடும்பம் நடத்த ஹாசன் பக்கம் ஒரு காபி தோட்டத்தில் வேலைக்குப் போனார். ஆறு தரிசனமும் படித்த ஆள், காபிச் செடிக்கு நடுவில் கூலிக்காரர்களை மேற்பார்த்துக்கொண்டு நின்றார். வேலை இல்லாத நேரத்தில் ஊர் ஊராகப் போய் யோகம் பற்றிப் பேசி, ஆசனம் போட்டுக் காட்டுவார். 1927ல் ஹாசனில் அப்படி ஒரு நாள் காட்டியபோது கூட்டத்தில் 12 வயதுப் பையன் ஒருவன் வாயைப் பிளந்துகொண்டு பார்த்தான். அடுத்த நாளே வீட்டுக்குத் தெரியாமல் அவரிடம் பாடம் கேட்கப் போய்விட்டான். அவன்தான் பட்டாபி ஜோயிஸ். இன்றைக்கு உலகம் முழுக்க அஷ்டாங்க யோகா என்று நடப்பது அந்தப் பையன் வழியாகப் போனது.

அதிர்ஷ்டம் 1930களின் தொடக்கத்தில் அடித்தது. மைசூர் மகாராஜா நான்காம் கிருஷ்ணராஜ உடையாருக்கு இவரைப் பிடித்துப்போயிற்று. முதலில் சமஸ்கிருத பாடசாலையில் வேலை, பிறகு 1933ல் ஜகன்மோகன் அரண்மனையில் ஒரு யோகசாலை. மாணவர்கள் பெரும்பாலும் அரச குடும்பத்துப் பையன்கள். ஓடுகிற வயது, உட்காரச் சொன்னால் உட்கார மாட்டார்கள். கூடவே மகாராஜாவுக்கு யோகாவை ஊர் ஊராகப் பரப்ப வேண்டும், அதற்குப் பார்ப்பவர்கள் அசந்துபோகும்படி ஒரு காட்சி வேண்டும். இந்த இரண்டு தேவையும் சேர்ந்துதான் மைசூர் பாணி பிறந்தது. ஒரு ஆசனத்திலிருந்து அடுத்ததுக்குத் தாவுவது, ஒவ்வொரு அசைவுக்கும் ஒரு மூச்சு, இடையில் நிறுத்தாமல் எண்ணிக்கையோடு போவது. அந்த நாட்களில் அவர் நாடித்துடிப்பை நிறுத்திக் காட்டுவார், ஓடும் காரைக் கையால் நிறுத்துவார், பல்லால் பாரம் தூக்குவார் என்றெல்லாம் சொல்வார்கள். 1934ல் கன்னடத்தில் யோக மகரந்தம் என்ற புத்தகம் எழுதினார். 1938ல் எடுத்த ஊமைப்படம் ஒன்றை இன்றும் இணையத்தில் பார்க்கலாம். 50 வயசு மனுஷன் உடம்பு ரப்பர் மாதிரி வளைவதைப் பாருங்க, உங்க முதுகு தானா நிமிரும்.

இந்தத் தாவலெல்லாம் பழைய நூல்களில் எங்கே இருக்கிறது? இதுதான் சர்ச்சை. நார்மன் ஷோமன் 1996லும் மார்க் சிங்கிள்டன் 2010லும் எழுதிய புத்தகங்களில், மைசூர் அரண்மனையிலிருந்த ஜிம்னாஸ்டிக்ஸ் மரபும், அந்தக் காலத்து ஐரோப்பிய உடற்பயிற்சியும் இதில் கலந்திருக்கிறது என்று வாதிட்டார்கள். பட்டாபி ஜோயிஸ் தரப்பு யோக குருந்தம் என்ற ஓலைச்சுவடியில் எல்லாம் இருந்தது என்றது. அந்தச் சுவடி இப்போ எங்கே என்றால், எறும்பு அரித்துவிட்டது. நம்ம தியாகராஜர் விஷயத்தில் வாலாஜாபேட்டை சீடர் எழுதிவைத்த சுவடிகள் மதுரை சௌராஷ்டிர சபையில் பத்திரமாக இருக்கின்றன. யோகாவுக்கு அந்தக் கொடுப்பினை இல்லை. என்னைக் கேட்டால், பையன்களுக்காகப் புதுசா ஒன்றை உருவாக்கினார் என்பதில் அவருக்கு எந்தக் குறைச்சலும் இல்லை. கண் முன்னால் நின்ற உடம்புகளுக்கு ஏற்றபடி அவர் செய்த வேலை அது.

அதே யோகசாலைக்கு 1934ல் இன்னொரு பையன் வந்தான். நாமகிரியம்மாவின் தம்பி, பெல்லூர் கிருஷ்ணமாச்சார் சுந்தரராஜ ஐயங்கார். சுருக்கமா பி.கே.எஸ். ஐயங்கார். 1918ல் இன்ஃப்ளூயன்சா பரவிய நேரத்தில் பிறந்தவர், பிறகு மலேரியா, டைபாய்டு, காசநோய் என்று எல்லாம் பார்த்துவிட்ட உடம்பு. இவன் தேறுவான் என்று அத்திம்பேருக்கே நம்பிக்கை இல்லை. முதலில் சரியாகச் சொல்லிக்கூடத் தரவில்லை. நன்றாக ஆசனம் போட்ட ஒரு மாணவன் ஒரு விழாவுக்கு முன்னால் ஓடிப்போய்விட, அந்த இடத்துக்கு இந்த ஒல்லிப் பையனைப் பிடித்துச் சில நாட்களில் கஷ்டமான ஆசனங்களைப் போட வைத்தார். ஒருமுறை சபையில் அனுமானாசனம் போடச் சொன்னார். இரண்டு காலையும் முன்னும் பின்னும் நேர்கோட்டில் நீட்டித் தரையில் உட்காரும் ஆசனம் அது. முன்பின் செய்து பழகாத பையன் பயந்துகொண்டே போட்டான். தொடைத் தசைநார் கிழிந்தது. ரொம்ப நாள் சரியாக நடக்க முடியவில்லை.

கிருஷ்ணமாச்சார்யா கோபக்காரர். அடிப்பார், பட்டினி போடுவார், அவர் தெருவில் வந்தால் மக்கள் எதிர்ப்பக்கம் போய்விடுவார்கள் என்று அவரோடு இருந்தவர்களே சொல்லியிருக்கிறார்கள். வாழ்க்கை வரலாறு எழுதுகிறவர்கள் இதைக் கண்டிப்பு என்ற ஒரு சொல்லில் தாண்டிவிடுகிறார்கள். அப்படித் தாண்டக்கூடாது. ஏனென்றால் ஐயங்கார் பாணி அந்தக் கிழிந்த தசையிலிருந்துதான் வந்தது.

1937ல், கொஞ்சம் இங்கிலீஷ் தெரியும் என்பதால், 18 வயதுப் பையனைப் புனேவுக்கு ஆசிரியராக அனுப்பினார்கள். குருவிடம் இருந்தது மூன்று வருஷம்கூட இல்லை, கற்றது அதிலும் கொஞ்சம். பிராணாயாமம் சொல்லித் தரவே இல்லை. எதிரில் நிற்கும் மாணவர்களோ இவரைவிட வயதிலும் பலத்திலும் பெரியவர்கள். வேறு வழியில்லாமல் தன் உடம்பையே லேப் ஆக்கிக்கொண்டார். முட்டி எந்தக் கோணத்தில் இருந்தால் வலிக்கிறது, பாதத்தின் எந்த ஓரத்தில் எடை விழுகிறது என்று மணிக்கணக்கில் பார்த்தார். எட்டாத கைக்குக் கட்டை, இறுகிய காலுக்குப் பெல்ட், நிற்க முடியாதவர்களுக்குச் சுவரில் கயிறு. 1952ல் வயலின் மேதை யெஹூதி மெனுஹின் இவரிடம் பாடம் கேட்க, மேற்கே கதவு திறந்தது. 1966ல் வந்த அவருடைய யோகப் புத்தகம் உலகமெங்கும் விற்றது. கட்டையையும் கயிற்றையும் பார்த்து இது யோகாவே இல்லை என்றவர்களும் உண்டு. ஐயங்கார் 2014 வரை, 95 வயது வரை வாழ்ந்தார். பிறந்தபோது பிழைக்காது என்று நினைத்த குழந்தை.

மூன்றாவது ஆள் இன்னும் விசித்திரம். ரீகா நகரில் 1899ல் பிறந்த யூஜெனி பீட்டர்சன், பம்பாயில் ஒரு தூதரக அதிகாரியின் மனைவி. ஊமைப்படத்தில் நடித்தபோது வைத்துக்கொண்ட பெயர் இந்திரா தேவி. 1937ல் மைசூருக்கு வந்து சேர்த்துக்கொள்ளச் சொன்னார். வெளிநாட்டுக்காரர், அதிலும் பெண், முடியாது என்றார் கிருஷ்ணமாச்சார்யா. மகாராஜாவே சொன்ன பிறகுதான் சேர்த்தார், அதுவும் தானாக ஓடிப்போகட்டும் என்பதுபோல் சாப்பாட்டிலும் தூக்கத்திலும் கடுமையான விதிகளோடு. அந்த அம்மா ஓடவில்லை. ஒரு வருஷம்போலக் கற்ற பிறகு, கணவரோடு சீனாவுக்குக் கிளம்பும்போது, மறுத்த அதே குருவே நீயும் சொல்லிக் கொடு என்றார். ஷாங்காயில் 1939ல் பள்ளி, 1940களின் கடைசியில் ஹாலிவுட். கிரேட்டா கார்போ, குளோரியா ஸ்வான்சன் எல்லாம் அவரிடம் படித்தார்கள். தாவல் இல்லை, இழுத்துப் பிடித்தல் இல்லை. 40 வயதை நெருங்கிய ஒரு பெண்ணுக்கு மைசூரில் என்ன கிடைத்ததோ அந்த மென்மையான பாடம்தான் கலிபோர்னியாவுக்குப் போனது. 2002ல் அர்ஜென்டினாவில் 102 வயதில் இறந்தார்.

இப்போ ஒரு நிமிஷம் நிறுத்திப் பாருங்க. 1934க்கும் 1938க்கும் நடுவில், ஒரே கட்டடத்தில், ஒரே வாத்தியார். துள்ளுகிற பையனுக்கு ஒன்று, நோஞ்சான் பையனுக்கு ஒன்று, வெளிநாட்டு அம்மாவுக்கு ஒன்று. ஒவ்வொருவரும் தனக்குக் கிடைத்ததுதான் முழுப்பாடம் என்று எடுத்துக்கொண்டு போனார்கள். அதில் பொய் இல்லை, அவரவருக்குத் தெரிந்தது அதுதான். நம்ம பாஷையில் சொன்னா, ஃபங்ஷன் ஒன்றுதான், இன்புட் வேற வேற. அவுட்புட்டை மட்டும் வீடியோவில் பார்க்கிற நாம்தான் எது ஒரிஜினல் என்று அடித்துக்கொள்கிறோம்.

1940ல் மகாராஜா போனார். சுதந்திரத்துக்குப் பிறகு சமஸ்தானமே போனது. புது அரசுக்கு யோகசாலையில் ஆர்வமில்லை, 1950ல் மூடிவிட்டார்கள். 60 வயதைத் தாண்டிய மனுஷன், பெரிய குடும்பம், கையில் வேலை இல்லை. சில வருஷத்தில் மெட்ராஸ் வந்து சேர்ந்தார். மயிலாப்பூர் விவேகானந்தா கல்லூரியில் வகுப்பு எடுத்தார். அரண்மனைக் கூடத்துக்குப் பதிலாக வீட்டு அறை. துள்ளும் பையன்களுக்குப் பதிலாக வக்கீல்கள், சர்க்கரை வியாதிக்காரர்கள், தூக்கம் வராதவர்கள், பக்கவாதம் வந்தவர்கள். இவர்களிடம் போய்த் தாவச் சொல்ல முடியுமா? நாடி பிடித்துப் பார்ப்பார், மூச்சு எவ்வளவு நேரம் நிற்கிறது என்று பார்ப்பார், அதன்பின் அந்த ஆளுக்கு மட்டும் ஒரு பாடம். ஒருவருக்குச் சொன்னதை இன்னொருவருக்குச் சொல்ல மாட்டார். வளரும் வயதுக்கு ஒரு முறை, குடும்பஸ்தருக்கு ஒரு முறை, முதுமைக்கு ஒரு முறை என்று பிரித்தார். கோபமும் மெல்ல மெல்லத் தணிந்தது. பெண்களுக்கு யோகாவோடு வேதமும் சொல்லிக் கொடுத்தார். 1937ல் ஒரு பெண்ணை வாசலிலேயே நிறுத்திய அதே மனுஷன்.

இங்கேதான் நம்ம ஜாதி ஆள் ஒருத்தர் வருகிறார். இன்ஜினியர் ஜாதி. அவருடைய மகன் தேசிகாசார், மைசூர் பல்கலைக்கழகத்தில் சிவில் படித்து முடித்து, வேலையும் கிடைத்து, சென்னை வீட்டுக்கு வந்திருந்தார். யோகாவில் துளி ஆர்வம் கிடையாது. ஒரு நாள் வாசலில் கார் வந்து நின்றது. இறங்கிய ஒரு வெளிநாட்டு அம்மா ஓடி வந்து, நெற்றி நிறைய நாமத்தோடு நின்ற ஆசாரமான அப்பாவை அப்படியே கட்டிப் பிடித்துக்கொண்டார். பையனுக்குத் தூக்கிவாரிப் போட்டது. விசாரித்தால், பல வருஷமாகத் தூங்காதவர், முதல்முறையாக முந்தின ராத்திரி மாத்திரை இல்லாமல் தூங்கியிருக்கிறார். எந்த டாக்டராலும் முடியாததை இங்கிலீஷ்கூடச் சரியாகத் தெரியாத அப்பா எப்படிச் செய்தார் என்று பையன் யோசித்தார். வேலையை விட்டார். பாடம் கேட்டார். அப்பா உடனே ஒத்துக்கொள்ளவில்லை, விடியற்காலை மூன்றரை மணிக்கு வரச் சொல்லிச் சோதித்தாராம். பிளேஸ்மென்ட் கிடைத்த ஆஃபரை இப்படி விட்டுவிட்டு வந்தால் நம்ம வீட்டில் என்ன நடக்கும் என்று யோசித்துப் பார்க்கிறேன்.

1976ல் தேசிகாசார் சென்னையில் கிருஷ்ணமாச்சார்யா யோக மந்திரத்தைத் தொடங்கினார். அந்த வழிக்கு விநியோகா என்று பெயர் நின்றுவிட்டது. நம்ம ஊரில் விநியோகம் என்றால் ரேஷன் விநியோகம்தான் ஞாபகம் வரும். சமஸ்கிருதத்தில் அதற்கு ஆளுக்கும் இடத்துக்கும் தகுந்தபடி பயன்படுத்துவது என்று பொருள். ஆனால் அது தனியாக ஒரு பிராண்ட் ஆவது தேசிகாசாருக்கே பிடிக்காமல், பிற்காலத்தில் அந்தப் பெயரைக் கைவிட்டார். பிலாட்டீஸ் கதையில் இந்த விஷயம் கோர்ட்டுக்கே போனது. அந்தப் பெயர் எனக்கு மட்டும்தான் சொந்தம் என்று ஒருவர் வழக்குப் போட, பிலாட்டீஸ் என்பது ஒரு பயிற்சி முறையின் பொதுப்பெயர், யாரும் உரிமை கொண்டாட முடியாது என்று 2000ல் நியூயார்க் நீதிமன்றம் சொல்லிவிட்டது.

சரி, நம்ம முதுகுவலிக்கு வருவோம். போன செமஸ்டரில் ஒரு சீனியர் வீடியோ பார்த்து அஷ்டாங்கத் தாவலை முதல் நாளே முயற்சி பண்ணி, ஒரு வாரம் வகுப்பில் உட்கார முடியாமல் நின்றுகொண்டே நோட்ஸ் எடுத்தார். அது அரண்மனைப் பையன்கள் தினமும் பழகியது. குறுவைக்கும் சம்பாவுக்கும் நாள் முழுக்கக் குனிந்து நடவு நடுகிற நம்ம ஊர் அத்தைகளுக்கு, குனிந்து காலைத் தொடும் ஆசனத்தையே திரும்பச் சொல்லிக் கொடுத்தால் என்ன அர்த்தம்? சென்னை வீட்டு அறையில் அந்தக் கிழவர் முதலில் கேட்டிருக்கக்கூடிய கேள்வி அவர்கள் நாள் முழுக்க என்ன வேலை செய்கிறார்கள் என்பதாகத்தான் இருக்கும். வீடியோ அந்தக் கேள்வியைக் கேட்காது.

96 வயதில் கிருஷ்ணமாச்சார்யா விழுந்து இடுப்பெலும்பு முறிந்தது. ஆபரேஷன் வேண்டாம் என்றுவிட்டார். ஒரு காலத்தில் காரை நிறுத்திய உடம்பு கட்டிலோடு கிடந்தது. படுத்தபடியே செய்யக்கூடிய அசைவுகளைத் தனக்கென்று தானே வகுத்துக்கொண்டார், மூச்சோடு சேர்த்து, கொஞ்சம் கொஞ்சமாக. வருகிறவர்களுக்குப் பாடம் சொல்வதையும் நிறுத்தவில்லை. நூறாவது பிறந்தநாளைப் பார்த்துவிட்டு 1989 பிப்ரவரி 28ல் சென்னையில் காலமானார். அந்தக் கட்டில் பாடத்துக்கு மட்டும் யாரும் பெயர் வைக்கவில்லை.